மழை வருதுன்னு இங்கிலீஷில் சொல்வது எப்படி? தொடங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிணத்துக்கடவு பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். மேலாளர் வெளிமாநிலத்துக்காரர். போனில், "சார், ரெய்ன் இஸ் கம்மிங், ஐ வில் பி லேட்" என்கிறார். மேலாளர் காதில் விழுவது, மழை இனிமேல்தான் வரப்போகிறது என்று. அப்படியானால் மழைக்கு முன்னால் கிளம்பி வரலாமே என்கிறார் அவர். இந்தப் பெண்ணோ ஏற்கெனவே தொப்பலாக நனைந்து நிற்கிறார்.

மழையைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. தூறலா, சாரலா, அடைமழையா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அவருக்குத் தேவை பத்துப் பதினைந்து இங்கிலீஷ் வாக்கியங்கள்தான்.

படி 1: 'இட்' இல்லாமல் தொடங்காதீர்கள்

தமிழில் "குளுருது" என்றால் போதும். எது குளிருகிறது என்று யாரும் கேட்பதில்லை. இங்கிலீஷ் வாக்கியம் எழுவாய் இல்லாமல் நிற்காது. சொல்ல எதுவும் இல்லாத இடத்திலும் 'இட்' என்று ஒன்றை முன்னால் வைத்தாக வேண்டும். "இட்ஸ் கோல்ட்." "இட்ஸ் ரெய்னிங்." இந்த 'இட்'டுக்குப் பொருள் தேட வேண்டாம், பொருள் கிடையாது. "டுடே இஸ் ரெய்னிங்" என்பது இந்த இடத்தில் வரும் பிழை. "இட்ஸ் ரெய்னிங் டுடே" என்றோ, "இட்ஸ் எ ரெய்னி டே" என்றோ சொல்லுங்கள்.

படி 2: எந்த 'வருது'?

என் கணிப்பில் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். "மழை வருது" என்பதை நாம் இரண்டு நேரத்திலும் சொல்கிறோம். மேற்கே கருக்கல் கட்டும்போதும் சொல்கிறோம், தலையில் கொட்டும்போதும் சொல்கிறோம். கேட்பவர் வானத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார். இங்கிலீஷில் இரண்டுக்கும் வேறு வேறு வாக்கியம்.

இப்போது பெய்கிறது: "இட்ஸ் ரெய்னிங்."
வரப்போகிறது: "இட்ஸ் கோயிங் டு ரெய்ன்." அல்லது, "இட் லுக்ஸ் லைக் ரெய்ன்."
மோடம் போட்டிருக்கிறது, பெய்யுமா தெரியவில்லை: "இட்ஸ் க்ளவுடி. இட் மைட் ரெய்ன்." வானம் முழுக்க மூடிக்கிடந்தால் "இட்ஸ் ஓவர்காஸ்ட்."
விட்டுவிட்டது: "இட்ஸ் ஸ்டாப்ட் ரெய்னிங்."
வெறிச்சிருச்சு, வானமும் வெளுத்துவிட்டது: "இட்ஸ் க்ளியர்ட் அப்."

படி 3: எப்படிப்பட்ட மழை?

இதில் உங்கள் ஊர் உங்களுக்கு உதவும். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கிணத்துக்கடவுக்குப் பெரும்பாலும் தூறலைத்தான் கொண்டுவருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவுப் பக்கம் நம்முடையது. அதே நாளில் வால்பாறை மலையில், சின்னக்கல்லாறில் கொட்டித் தீர்க்கும். இங்கிருந்து "இட்ஸ் ட்ரிஸ்லிங்" என்று சொல்லுங்கள். வால்பாறையில் இருக்கும் நண்பர் "இட்ஸ் போரிங்" என்பார். கொட்டுகிறது என்று பொருள்.

தமிழில் எழுதினால் இந்தச் சொல்லும், சலிப்பூட்டுவது என்னும் பொருளுள்ள சொல்லும் ஒன்றுபோலத் தெரியும். 'பணம்' என்பதில் வரும் 'ப'வைப் போல உதட்டை மூடிக் காற்றைத் தள்ளிச் சொன்னால்தான் மழை. 'கம்பி' என்பதில் வரும் 'பி'யின் ஒலி வந்துவிட்டால் சலிப்பு.

சற்று நேரம் பெய்து நிற்கும் மழை 'ஷவர்'. திடீரென்று கொட்டும் பெருமழை 'டவுன்போர்'. சித்திரை, வைகாசியில் இடி மின்னலோடு வரும் கோடை மழை 'தண்டர்ஸ்டார்ம்'. ஆலங்கட்டி விழுந்தால் "இட்ஸ் ஹெய்லிங்." "ஒரு உழவு மழை" என்று மண்ணின் ஈரத்தை வைத்து அளந்து சொல்வார்களே, அதற்கு நேர்ச்சொல் இங்கிலீஷில் எனக்குத் தெரிந்து இல்லை. "வி ஹேட் எ குட் சோக்கிங் ரெய்ன்" என்பது கொஞ்சம் பக்கத்தில் வரும்.

நாயையும் பூனையையும் வைத்து ஒரு மழை மரபுத்தொடரைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பேச்சில் அதை விட்டுவிடுங்கள். இன்று இங்கிலீஷ்காரர்களே அதை அரிதாகத்தான் சொல்கிறார்கள்.

படி 4: மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங்

"பெரிய மழை" என்பதை "பிக் ரெய்ன்" ஆக்காதீர்கள். "ஹெவி ரெய்ன்" அல்லது "லைட் ரெய்ன்." ஆடிக்காற்றை "ஹெவி விண்ட்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். அது "ஸ்ட்ராங் விண்ட்." சுருக்கமாக, "இட்ஸ் வெரி விண்டி." காற்றாலைகளைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இந்த வாக்கியம் ஆண்டில் பல மாதம் பயன்படும்.

படி 5: எப்போதிலிருந்து?

ஆறு மணியிலிருந்து பெய்கிறது என்பதை "இட்ஸ் பீன் ரெய்னிங் சின்ஸ் சிக்ஸ்" என்று சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரமாக என்றால் "ஃபார் டூ அவர்ஸ்." நடுவில் இருக்கும் 'பீன்' விழுந்துவிட்டால் வாக்கியம் பிழை.

படி 6: வெதர் வேறு, கிளைமேட் வேறு

"டுடே கிளைமேட் சூப்பர்" என்று தூறல் விழுந்த அன்றெல்லாம் கேட்கிறோம். இன்றைக்கு வானம் எப்படி இருக்கிறது என்பது 'வெதர்', அதாவது வானிலை. ஓர் ஊரின் பல்லாண்டுப் போக்கு 'கிளைமேட்', அதாவது காலநிலை. உலக வானிலை அமைப்பு அதைக் கணக்கிட 30 ஆண்டுச் சராசரியை எடுத்துக்கொள்கிறது. ஒரு சாயங்காலத்தைப் பாராட்ட "த வெதர் இஸ் லவ்லி" போதும். புழுக்கமாக இருந்தால் "இட்ஸ் ஹ்யூமிட்."

படி 7: எச்சரிக்கையைப் படிப்பது

பேச்சில் 'ஹெவி' என்பது உங்கள் கண் மதிப்பு. இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு அது ஓர் அளவு. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை 'ஹெவி'. 204.4 மி.மீ. வரை 'வெரி ஹெவி'. அதற்கும் மேலே 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி'. 'ஐசோலேட்டட்' என்றால் ஓரிரு இடங்களில் மட்டும். கோவை மாவட்டத்துக்கு எச்சரிக்கை வரும்போது 'காட் ஏரியாஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது மலைப்பகுதிக்கான எச்சரிக்கை.

படி 8: போனில் சொல்ல

நனைந்துவிட்டேன்: "ஐ காட் வெட்." தொப்பலாக நனைந்தால் "ஐ'ம் சோக்ட்." மழையில் மாட்டிக்கொண்டேன்: "ஐ காட் காட் இன் த ரெய்ன்." முதல் 'காட்' குறுகியது, 'கெட்' என்பதிலிருந்து வருவது. இரண்டாவது 'கேட்ச்' என்பதிலிருந்து வருவது, நீட்டிச் சொல்லுங்கள். மழை நின்றதும் கிளம்புகிறேன்: "ஐ'ல் லீவ் ஒன்ஸ் இட் ஸ்டாப்ஸ்." 'ஸ்டாப்ஸ்' என்பதற்கு முன்னால் 'வில்' போடக் கூடாது.

பஸ் ஸ்டாப் பெண் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "சார், இட்ஸ் ரெய்னிங் ஹெவிலி ஹியர். ஐ'ம் அட் த பஸ் ஸ்டாப். ஐ மே பி லேட்." அடுத்த மழைக்கு வாசலில் நின்று, கண்ணில் படும் மழைக்கு ஏற்ற வாக்கியத்தை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.