பாட்டியின் பிறந்த நாள் மாறியது ஏன்?

தாம்பரத்தில் வசிக்கும் ஒரு பாட்டி 1943 ஜனவரி 1-ஆம் நாள் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தேதியை ஒரு கணிப்பொறியில் பதிகிறீர்கள். அதைப் பெற்றுக்கொண்ட மற்றொரு கணிப்பொறி, 1942 டிசம்பர் 31 என்று காட்டுகிறது! ஆண்டே மாறிவிட்டதே, எப்படி?

விடை இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. நம் நாட்டு நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்த, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. அப்போது வேறுபாடு 6 மணி 30 நிமிடம் ஆயிற்று.

கணிப்பொறி நிரல்கள் பல, தேதியைத் தேதியாகச் சேமிப்பதில்லை. அந்நாளின் நள்ளிரவு 0 மணியைக் கிரீன்விச் நேரமாக மாற்றிச் சேமிக்கின்றன. போர்க்கால மாற்றத்தை அறிந்த முதல் கணிப்பொறி 6 மணி 30 நிமிடத்தைக் கழிக்கிறது. கிடைப்பது டிசம்பர் 31 மாலை 5.30. மாற்றத்தை அறியாத இரண்டாவது பொறி 5 மணி 30 நிமிடத்தை மட்டுமே கூட்டுகிறது. கிடைப்பது அதே நாள் இரவு 11 மணி! புத்தாண்டு பிறக்க இன்னும் ஒரு மணி பாக்கி.

இது வேடிக்கையன்று. ஓய்வூதியமும் முதியோர் சலுகையும் பிறந்த தேதியைப் பொறுத்தவை. இரு பதிவுகள் ஒத்துப்போகாவிட்டால், அலைவது பாட்டிதான்.

இதைத் தவிர்ப்பது எப்படி? தேதி மட்டுமே தேவையென்றால் மணியைக் கலக்காதீர்கள். பஞ்சாங்கம் கணிப்போர் கலியுகத் தொடக்கத்திலிருந்து நாட்களையே எண்ணி வந்தார்கள் அல்லவா? அதுபோல நாட்களை முழு எண்களாக எண்ணுங்கள். பாட்டியின் 80 வயது நிறைவு 2023 ஜனவரி 1. இடையே 80 × 365 = 29,200 நாட்கள்; 1944 முதல் 2020 வரை லீப் ஆண்டுகள் 20. ஆக மொத்தம் 29,220 நாட்கள். இந்தக் கணக்கில் எந்தக் கடிகாரமும் குறுக்கிட முடியாது.

நீங்களே செய்து பாருங்கள்: 1942 ஆகஸ்ட் 31 நள்ளிரவு 0 மணியிலிருந்து செப்டம்பர் 2 நள்ளிரவு 0 மணி வரை எத்தனை மணி நேரம்? அதை 24-ஆல் வகுத்துப் பின்னத்தை நீக்கினால் எத்தனை நாட்கள்?

விடை: 47 மணி, 1 நாள். உண்மையில் 2 நாட்கள்!