கேரியர் இருக்கக் கவலை ஏன்? சைக்கிள் வீட்டுக் குறிப்புகள்

காய்கறிக் கடைக்கும் ரேஷன் கடைக்கும் பிள்ளையின் டியூஷனுக்கும் சைக்கிளிலேயே போய்வருகிற வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அப்படிப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாக ஓட்டிப்போய், டீக்கடை பெஞ்சில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிற சங்கதிகள்தான் இவை. எங்கள் கட்சி ஒன்றுதான்: கியருக்குக் கொட்டுகிற காசில் பாதியை டயர், கேரியர், விளக்கு மூன்றுக்கும் போடுங்கள், சைக்கிள் வீட்டுக்கு உழைக்கும்.

1. புது சைக்கிள் வாங்கக் கிளம்புமுன் வீட்டுக் கொல்லையை ஒரு பார்வை பாருங்கள். பிள்ளை பிளஸ் ஒன் படிக்கையில் அரசு கொடுத்த சைக்கிள், அவன் கல்லூரிக்குப் போனதும் அங்கே சாய்ந்து கிடக்கும். டயர், டியூப் மாற்றி ஓர் ஓவராயிலிங் செய்தால், கேரியர் வைத்த உழைப்பாளி வண்டி ஒன்று கொஞ்சச் செலவில் கைக்கு வந்துவிடும்.

2. டயர் வாங்கப் போகும்போது பழைய டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் அளவைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். வெறுமனே '26 இஞ்ச்' என்று கேட்டால் இரண்டு நடைதான், ஏனென்றால் 26 x 1⅜ டயர் மாட்டும் ரிம்மில் 26 x 1.95 டயர் உட்காராது. 590, 559, 635, 622 என்று மூன்றிலக்க எண் ஏதாவது இருந்தால் அதையே கடைக்காரரிடம் காட்டுங்கள், குழப்பமே வராது.

3. முட்டி வலிக்கிறது என்பவர்களில் பலருக்கு சீட்தான் தாழ்ந்திருக்கிறது. பெடலை அடியில் நிறுத்திக் குதிகாலை அதன்மேல் வையுங்கள், கால் நேராக நிற்கிற உயரமே சரியான உயரம். அடிக்கடி நிறுத்தி இறங்குகிற கடைத்தெரு ஓட்டத்துக்கு அரை இஞ்ச் குறைத்துக்கொண்டால் போதும்.

4. பழைய டியூபை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நீளவாக்கில் ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கிய வார், கேரியரில் மூட்டை கட்டக் கயிறைவிட நூறு மடங்கு மேல். இழுத்துச் சுற்றி முனையைச் செருகினாலே போதும், முடிச்சும் வேண்டாம், வழியில் தளரவும் தளராது. அகலமான துண்டு மட்கார்டின் கீழே தொங்கவிடும் மண்தடுப்பாகும், சின்னத் துண்டு ஹேண்டில் பாரில் வழுக்கும் விளக்குக்கு அடியில் வைக்க ஆகும். கடையில் விற்கிற கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு கை தவறினால் கண்ணில் அடிக்கும், டியூப் வாருக்கு அந்த பயமில்லை.

5. சீமைக்கருவேலம் மண்டிய ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து நண்பர்களுக்கு: பழைய டியூபின் வால்வு உள்ள பகுதியை வெட்டி நீக்கி, உட்பக்கமாக நெடுக்கப் பிளந்து, டயருக்கும் புது டியூபுக்கும் நடுவே விரித்துப் போடுங்கள். மேலே கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் உரசாது. பெடல் ஒரு சிட்டிகை கனக்கும்தான், ஆனால் வாரம் ஒரு பஞ்சர் ஒட்டுகிற காசு மிஞ்சும்.

6. பழக்கடையில் கழித்துப் போடுகிற பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கேரியரில் கட்டுக்கம்பியால் கட்டிவிடுங்கள். ஒரு குடும்பத்தின் வாரக் காய்கறி அதில் அடங்கும், பைக்குள் தக்காளி நசுங்குகிற தொல்லையும் இல்லை. அடியில் பழைய மிதியடி ஒன்றை விரித்துவிட்டால் சத்தம் போடாது.

7. கனமானதெல்லாம் பின்னால், தாழ்வாக. ஹேண்டில் பாரில் மூன்று பை தொங்கவிட்டால் திருப்பத்தில் வண்டி நம் பேச்சைக் கேட்காது. முன்கூடைக்குக் கீரையும் அப்பளமும் போதும்.

8. முட்டை மட்டும் விதிவிலக்கு, அது கேரியரில் பயணம் செய்யக்கூடாது. முதுகுப்பையில் துண்டு சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் விழுகிற குலுக்கலை நம் கையும் காலும் வாங்கிக்கொண்டுவிடும்.

9. 25 கிலோ அரிசி மூட்டையை ஏற்றும்போது சைடு ஸ்டாண்டை நம்பவே நம்பாதீர்கள். சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து, ஒருவர் ஹேண்டிலைப் பிடிக்க இன்னொருவர் ஏற்றுங்கள். ஏற்றியதும் பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள், அமுங்கினால் காற்றடித்த பிறகுதான் நகர வேண்டும்.

10. எவ்வளவு காற்று என்பதை டயரே சொல்கிறது, பக்கவாட்டில் பி.எஸ்.ஐ. கணக்கில் அச்சடித்திருப்பார்கள். வாரம் ஒருமுறை அடித்து வைத்தால் பாதி பஞ்சர் குறையும், மிதிக்கிற பாடும் குறையும். வீட்டில் ஒரு நின்றடிக்கும் பம்பு இருந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் நம் சிநேகிதர்கள்.

11. பெட்ரோல் பங்கில் காற்றடித்தால் விட்டுவிட்டு, சின்னச் சின்னதாக அடிக்கச் சொல்லுங்கள். சைக்கிள் டியூபின் வயிறு சின்னது. காருக்கு அடிப்பதுபோல் அழுத்திப் பிடித்தால் அங்கேயே வெடிக்கும். பிரெஸ்டா வால்வு உள்ளவர்கள் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை சாவிக்கொத்திலேயே மாட்டி வைத்தால் எந்தப் பம்பும் பொருந்தும்.

12. ராத்திரி அடித்த காற்று காலையில் இல்லையா? பஞ்சர் கடைக்கு உருட்டுமுன் வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள், குமிழி வந்தால் வால்வு டியூப்தான் காரணம். சில்லறைக் காசில் முடிகிற வேலை. இரண்டு மூன்று துண்டு வால்வு டியூபைத் தீப்பெட்டியில் போட்டு சீட் பையில் வைத்திருங்கள்.

13. டயரை மாட்டும்போது அதன் கம்பெனிப் பெயர் சரியாக வால்வுக்கு நேரே வரும்படி மாட்டுங்கள். பஞ்சரானால், டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை தூரமோ அதே தூரத்தில் டயரில் முள்ளைத் தேடினால் போதும். விரலால் தடவாதீர்கள், ஒரு கொத்துப் பஞ்சை உள்ளே ஓட்டினால் முள்முனையில் நூல் சிக்கிக்கொண்டு இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

14. வழியில் தண்ணீர்ச் சட்டிக்கு எங்கே போவது? டியூபில் காற்றடித்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் மெல்லச் சுற்றுங்கள், காற்று சில்லென்று படும் இடமே ஓட்டை. பால்பாயிண்ட் பேனாவால் ஓட்டையை நடுவில் வைத்துப் பெரிய கூட்டல் குறி போட்டுக்கொள்ளுங்கள். உப்புத்தாள் தேய்த்த பிறகும் கோட்டின் நுனிகள் தெரியும்.

15. சொல்யூஷன் தடவியதும் பேட்சை ஒட்டுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் அவசரம். பளபளப்பு போய், விரல் பட்டால் ஒட்டாத அளவுக்குக் காயட்டும், அப்புறம் அமுக்கினால்தான் பிடிக்கும். ஒருமுறை திறந்த சொல்யூஷன் தானாகவே காய்ந்துவிடும், ஆகவே நெடும்பயணத்துக்குத் திறக்காத டியூப் ஒன்றைக் கொண்டுபோங்கள்.

16. டயர் கழற்ற ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், அது இரண்டாவது பஞ்சரைப் போட்டுவிடும். முனை மழுங்கிய இரண்டு எவர்சில்வர் கரண்டியின் காம்பு போதும், அடுக்களையில் கேட்டுவிட்டு எடுங்கள்.

17. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கத்தை விட்டுவிடலாம். நாளாக ஆகப் பிசுக்குப் பிடித்துப் புழுதியெல்லாம் அதில்தான் வந்து உட்காரும். தையல் மெஷின் எண்ணெயை இணைப்புக்கு ஒரு சொட்டாக உட்பக்கம் விட்டு, பெடலைப் பின்னால் சுற்றி, கொஞ்ச நேரம் கழித்து வெளிப்பக்கத்தைக் காடாத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உள்ளே, வெளியே மினுங்குவதெல்லாம் அழுக்குக்கு அழைப்பு. மழையில் நனைந்தால் மறுபடி விட வேண்டும், அவ்வளவே.

18. செயின் தேய்ந்ததா என்று பார்க்க மெக்கானிக் வேண்டாம், ஆசாரி வைத்திருக்கும் இரும்பு டேப் போதும். ஒரு பின்னின் நடுவில் தொடங்கி அளந்தால் 24 இணைப்புக்குச் சரியாக 12 இஞ்ச் வரவேண்டும். 12 1/16 ஆகிவிட்டால் உடனே மாற்றுங்கள். தாமதித்தால் செயினோடு ஃப்ரீவீலையும் மாற்றுகிற செலவு வந்து சேரும். துணி டேப் இழுபடும், அதை நம்பவேண்டாம்.

19. பிரியாணி பார்சலில் வந்த அலுமினியத் தாளைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். கசக்கித் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தால் குரோம் ஹேண்டிலிலும் மட்கார்டிலும் மேலோட்டமான துரு போய்ப் பளிச்சென்று ஆகும். கடலோரத்தில் இருப்பவர்கள் முடித்த கையோடு எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு துடைக்கலாம், ரிம்மில் பிரேக் படும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு.

20. பிரேக் கிறீச்சிட்டால் கட்டையை மாற்ற ஓடாதீர்கள். ரிம்மைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரேக் கட்டையின் முகத்தை உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

21. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும், அதை மறந்து முறுக்கி ஸ்பானரை வளைத்தவர்கள் ஏராளம். எந்தப் பக்கமானாலும் பெடலுக்கு மேலே நிற்கும் ஸ்பானரைப் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும், முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும்.

22. குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டை இறக்குங்கள். லேசான சரிவில் தள்ளித் தள்ளி ஓட்டினால் பேலன்ஸ் தானாக வரும். பின்னால் பிடித்துக்கொண்டு நாம் மூச்சிரைக்க ஓடவேண்டியதில்லை. குரங்கு பெடலில் கற்ற நம் தலைமுறைக்கு இது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

23. 'லேடீஸ் சைக்கிள்தான் வேண்டும்' என்று காத்திருக்கும் சகோதரிகளே, 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோது லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பார் வைத்த சைக்கிளில் ஏறினார்கள், பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பின்னால் பிள்ளையை ஏற்றுபவர்கள் சக்கரக் கம்பிக்குள் கால் போகாதபடி சேலைக் கார்டு ஒன்றை முதலில் மாட்டிவிடுங்கள்.

24. பேண்ட் காலைச் செயின் கடிக்காமலிருக்க, கொடியில் துணிக்குப் போடும் கிளிப் ஒன்றே போதும். பிள்ளையின் கிழிந்த ஸ்கூல் பேக்கில் மின்னும் பட்டை இருந்தால் வெட்டி, மட்கார்டிலும் இரண்டு பெடலின் ஓரத்திலும் ஒட்டுங்கள். மேலும் கீழும் ஆடுகிற மினுக்கல் லாரிக்காரர் கண்ணில் சட்டென்று படும்.

25. சீட்டுக்கு அடியிலோ பெடல் சேரும் இடத்துக்குக் கீழேயோ ஃபிரேம் நம்பர் பொறித்திருக்கும். இன்றைக்கே அதைப் படமெடுத்து வையுங்கள். வண்டி காணாமல் போனால் போலீஸ் ஸ்டேஷனில் கறுப்பு கலர், பெரிய கேரியர் என்று வர்ணித்துக்கொண்டு நிற்கவேண்டாம்.

26. இனி கூட்டமாகப் போகும்போது. பத்துப் பேருக்குப் பத்துப் பம்பு சுமப்பது வீண். ஒரு பம்பு, ஒரு ஸ்பானர் செட், ஒரு பஞ்சர் டப்பா போதும். ஆனால் டியூப் மட்டும் அவரவர் அளவுக்கு அவரவர் கொண்டுவரவேண்டும்.

27. வேகத்தை முன்னால் போகிறவர் முடிவு செய்யக்கூடாது, மெதுவாக வருகிறவர்தான் முடிவு செய்யவேண்டும். அவரை இரண்டாவது ஆளாக விடுங்கள். முன்னவர் காற்றை உடைத்துக் கொடுப்பதால் அவருக்கு மிதிப்பது லேசாகும், பின்தங்கவும் மாட்டார். பம்பும் பஞ்சர் டப்பாவும் எப்போதும் கடைசி ஆளிடம், அவருக்குப் பின்னால் நம்மவர் ஒருவரும் இருக்கக்கூடாது.

28. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரத்தை நுழைக்காதீர்கள். அவர் ஒரு கல்லுக்காக ஒதுங்கினால் சக்கரம் உரசும், விழுவது பின்னால் வருகிறவர்தான். "அண்ணே, பள்ளம்!", "பின்னாடி வண்டி!", "நிக்கிறேன்!" இந்த மூன்று குரலையும் கூச்சப்படாமல் வரிசை முழுக்கக் கடத்துங்கள்.

29. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஓட்டுகிறவர்கள் காலையில் தெம்பிருக்கும்போதே மேற்கே போய்விடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று திரும்பி வரும்போது முதுகைத் தள்ளிக் கொடுக்கும். மாற்றிப் போட்டால் கடைசிப் பத்து கிலோமீட்டர் அழவைக்கும். காற்றுத் திசை தெரியவில்லையா, தூரத்தில் சுற்றும் காற்றாலையைப் பாருங்கள்: அது எந்தப் பக்கம் முகம் காட்டுகிறதோ அங்கிருந்துதான் காற்று. ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்.

30. நீண்ட தூரம் என்றால் பயப்படாதீர்கள். கெடு நேரத்துக்குள் நெடுந்தூரம் ஓட்டி முடிக்கிற ரேண்டனர்களின் 'பிரெவே' ஓட்டத்தில் 200 கி.மீட்டருக்குக் கெடு 13½ மணி நேரம், 300 கி.மீட்டருக்கு 20 மணி நேரம். நின்ற நேரமெல்லாம் சேர்த்து மணிக்கு 15 கி.மீ.தான் வருகிறது. வேகத்தைக் கூட்டுவதைவிட டீக்கடையில் உட்காருவதைக் குறைப்பது சுலபம்: அரைமணி வீதம் ஆறு தடவை உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் போச்சு.

31. விலை உயர்ந்த ஜெல் பாக்கெட்டுகளை மறந்துவிடுங்கள். கடலைமிட்டாயும் வாழைப்பழமும் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் வழி நெடுக மடக்கு மடக்காகக் குடியுங்கள்.

32. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிறவர்கள், போக மட்டுமே ஏறக்குறைய 55 கி.மீ. என்பதை நினைவில் வைத்துப் புதியவர்களை முட்டுக்காட்டிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். கூடவே பழைய ஆள் ஒருவர் திரும்பட்டும்.

33. டீக்கடையில் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சில்லறை தேடினால் பத்து நிமிஷம் போய்விடும். கிளம்பும்போதே தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். மிச்சம் விழுகிற காசில் அடுத்த வாரத்துக்குப் பேட்சும் சொல்யூஷனும் வாங்கிக்கொள்ளலாம். போண்டா வாங்கிவிடுகிறவரிடம் மட்டும் பையைக் கொடுக்காதீர்கள்.