தண்ணீரைக் கேட்டாயா, மக்ளே?



உன் பார்லருக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நீ அச்சடித்திருக்கும் ‘எந்த முடிக்கு என்ன சிகிச்சை?’ புத்தகத்தை என் பேத்தி கொண்டுவந்து தந்தாள். பதினாறு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். முடியைப் பகுத்துக் கிளிப் போடுவதும் டை வைக்கிற நேரமும் உன் கைக்குத் தெரியும். அதையெல்லாம் நான் சொல்ல வேண்டாம். என்னை உறுத்தியதை மட்டும் எழுதுகிறேன். திருவட்டாற்றிலும் சுற்றுவட்டாரத்திலும் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்றுதான் பத்திரிகை வழியாக அனுப்புகிறேன்.

முதலில் ‘ஊட்டம்’ என்ற சொல். பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறாய். கண்ணில் படும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோலைவிட்டு வெளியே வந்த முடி செத்த பொருள். உயிர் இருப்பது தோலுக்குள் வேரில். அதற்கு வேண்டியதை ரத்தம் கொண்டுவந்து தருகிறது. வெளியே தொங்குவதை வழவழப்பாக்கலாம், உடையாமல் காக்கலாம். ஊட்ட முடியாது. நாம் தலையில் ஊற்றுவதைத் தின்பது ஒன்றுண்டு: பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்னும் பூஞ்சை. எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம் அதற்குத் தீனி. பொடுகு பிடித்த தலையில் ராத்திரி முழுக்க எண்ணெய் ஊறட்டும் என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாயே, அதைக் கேட்டு நடப்பவள் வளர்ப்பது அந்தப் பூஞ்சையைத்தான்.

‘கெரட்டின் ஊட்டம்’ என்று எழுதியது அதைவிடப் பெரிய தப்பு. அந்தப் பெயரில் விற்கும் பல சரக்குகளில் முடியை நேராக நிறுத்துவது பார்மால்டிஹைடு. சூடான அயர்ன் பட்டதும் அது புகையாகக் கிளம்பும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தியது. அதற்குப் பதிலாக வந்த கிளையாக்சிலிக் அமிலமும் நிம்மதி தருவதாக இல்லை. அது கலந்த சரக்கைக் கொண்டு மூன்று முறை முடியை நேராக்கி, மூன்று முறையும் சிறுநீரகம் பழுதுபட்ட 26 வயதுப் பெண்ணைப் பற்றி 2024-இல் ‘நியூ இங்கிலாந்து’ மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். வருகிறவள் வருஷத்தில் ஒரு தடவை அந்தப் புகையில் உட்காருவாள். நீ தினமும் நிற்கிறாய். உன் நெஞ்சை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

அடுத்தது உன் அட்டவணை. கோரை, அலை, சுருட்டை, பம்பை என்று நான்கு கட்டம். இது அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் 1990-களில் தம் சரக்கை விற்பதற்காக வகுத்த நான்கு வகை. எடுத்தாண்டதில் குற்றமில்லை. ஆனால் சுருட்டைக்கு நேரே ‘பிரச்சினை முடி, ரீபாண்டிங்’ என்று எப்படி எழுதினாய்? என் அம்மைக்குச் சுருட்டை முடி. எனக்கும் அதுதான். வேர்க்குழியின் வடிவம்தான் சுருளைத் தீர்மானிக்கிறது. ரீபாண்டிங் மருந்து வெளியிலிருக்கும் முடியின் கந்தகப் பிணைப்பை உடைத்து நேராக ஒட்டவைக்கும். வேரை ஒன்றும் செய்யாது. மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் என்று புதுமுடி சுருண்டேதான் வரும். ஆறு மாதத்தில் மேலே சுருள், கீழே கம்பி. இரண்டும் சேருகிற இடத்தில்தான் முடி முறியும்.

சுருட்டை முடியின் சங்கதி வேறு. தலைத்தோலில் ஊறும் பிசுக்கு, கோரை முடியில் நுனிவரை வழுகி இறங்கும். சுருளில் இறங்காது. அதனால் ஒரே தலையில் வேர்ப்பக்கம் எண்ணெய் வடியும், நுனி வைக்கோலாகக் கிடக்கும். அங்கே ஒரு தலைக்கு இரண்டு சிகிச்சை: தோலைக் கழுவு, நுனிக்கு எண்ணெய் தொடு. அதுவும் குளிக்குமுன் தொடு. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தக் குணம் இல்லை என்று ரேலே, மோஹிலே என்ற நம் நாட்டு ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினார்கள். ஒரு தலைக்கு இரண்டு சிகிச்சை என்பதற்கு உன் நான்கு கட்டத்தில் இடமில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒரு குறை. பதினாறு பக்கத்தில் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடுகிற ஊரில் பிறந்தவள் நீ! மலையிறங்கி வரும் அந்தத் தண்ணீரில்தான் அம்மை எங்களைக் குளிப்பாட்டுவாள். செம்பருத்தி இலையைக் கல்லில் கசக்கிப் பிழிந்த தாளி வழவழவென்று தலையில் இறங்கும். ஒரே முங்கலில் போய்விடும். சிக்கெடுக்க விரல் போதும். கல்யாணமாகிக் கடற்கரைப் பக்கம் போன என் அக்காள், அதே தாளியைக் குழாய்க்கிணற்று நீரில் தேய்த்துவிட்டு, முடி கயிறு மாதிரி ஆகிவிட்டது என்று அழுதாள். முடி அதேதான், மாறியது தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் உள்ள நீரில் அலசும்போது அந்தச் சுண்ணாம்பு முடிமேல் படியும். அங்கே எந்த விலைக்கு ஸ்பா செய்தாலும் அடுத்த குளியலோடு போயிற்று. அவளுக்கு வேண்டியது கடைசி அலசலுக்கு ஒரு செம்பு மழைநீர், அல்லது ஒரு வாளித் தண்ணீரில் பிழிந்த அரை எலுமிச்சை.

2022 ஜூலை 6-ஆம் தேதி, 418 வருஷத்துக்குப் பிறகு நம் திருவட்டாற்று ஆதிகேசவப் பெருமாளுக்குக் கும்பாபிஷேகம் நடந்தபோது கூட்டத்தில் நானும் நின்றேன். கலசத்தில் நீர் விழுந்தது. உள்ளே 22 அடி நீளத்தில் சயனித்திருக்கும் மூலவருக்கோ நீராட்டே கிடையாது. சாளக்கிராமமும் கடுசர்க்கரை என்னும் சாந்தும் சேர்த்துச் செய்த மேனி. தண்ணீர் பட்டால் தாங்காது. பெருமாளே ஆனாலும், மேனி எதனால் ஆனது என்று பார்த்துத்தான் உபசாரம் செய்திருக்கிறார்கள் முன்னோர்கள். கேசவன் பெயரைச் சொல்லும் ஊரில் கேசத்துக்கு வேலை செய்கிற நமக்கு அது போதாதா?

கேட்காமல் செய்த பாவம் என்னிடமும் உண்டு. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு பெண்ணுக்கு ரீபாண்டிங் செய்தேன். முன்பே இரண்டு தடவை ப்ளீச் செய்த முடி அது. நான் கேட்கவில்லை. கொத்தாகச் சீப்போடு வந்தது. அவள் அம்மாவின் முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

ஆனால் பன்னிரண்டாம் பக்கம்! பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் மாதத்தில் கொட்டுகிற முடிக்குச் சிகிச்சை எதுவும் வேண்டாம், பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானே வந்துவிடும், காத்திருங்கள் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். பயந்து ஓடிவருகிற பிள்ளை பெற்றவளிடம் பணம் வேண்டாம் என்று சொல்கிற வரியை எந்தப் பார்லர் நோட்டீஸிலும் நான் கண்டதில்லை. முப்பத்தோரு வருஷம் பார்லர் நடத்திய எனக்கு அதை எழுதத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியிருக்கிறது. அந்த மனசு உள்ளவளிடம்தான் இத்தனையும் சொல்லத் துணிந்தேன்.

அடுத்து அச்சடிக்கும்போது அந்த நான்கு கட்டத்தைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளு. முதல் பக்கத்தில் மூன்று கேள்வியைப் போடு: எந்தத் தண்ணீரில் குளிக்கிறாய்? இதுவரை முடியில் என்னென்ன போட்டிருக்கிறாய்? தலைத்தோல் அரிக்கிறதா? பதில் கிடைக்கும்வரை எந்தப் புட்டியையும் திறக்காதே, மக்ளே.