காபியை விட்டுவிட்டாயே, டாக்டரம்மா



மாத இதழில் நீ எழுதிய தைராய்டு மாத்திரைக் கட்டுரையைப் படித்தேன். ஹவுஸ் சர்ஜனாக என் வார்டில் நின்ற நாளிலேயே உனக்கு அடிப்படையெல்லாம் அத்துப்படி. அதைப் பற்றிப் பேச்சில்லை. எனக்கு எரிச்சல் வந்தது இரண்டு இடங்களில்.

‘மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிடவும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டாய். நம் ஊரில் காபியை யாரம்மா சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கிறார்கள்? எந்தப் பாட்டியையும் “வெறும் வயிறா?” என்று கேட்டுப் பார். “ஆமாய்யா, ஒரு வாய் காப்பிதான் குடிச்சேன்” என்பார். மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராமல் கெடுப்பது அந்த ஒரு வாய்தான். மாத்திரை போட்டபின் அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டாமா?

கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்பதையும் காணோம். அந்த இரண்டையும் தைராய்டு மாத்திரை போடும் இதே பெண்களுக்கு எழுதிக்கொடுப்பதும் நாம்தான். எல்லாவற்றையும் காலையில் ஒன்றாக விழுங்கிவிட்டு, “மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். இறங்கலியே” என்று வந்து நிற்பார்கள். நாமும் 50 மைக்ரோகிராமை 75 ஆக்குவோம், 75-ஐ 100 ஆக்குவோம். என்னைக் கேட்டால், டோஸை ஏற்றுமுன் அடுப்படியை விசாரிக்க வேண்டும். இதை நான் சொல்லாத மருத்துவக் கூட்டம் கிடையாது. என்னைப் பார்த்தாலே ‘காபி டாக்டர் வந்துவிட்டார்’ என்பார்கள். சொல்லட்டும்.

இரண்டாவது, அந்தக் கட்டம் போட்ட பட்டியல். ‘டி.எஸ்.எச். 0.4 முதல் 4 வரை நார்மல்’, அவ்வளவுதான். டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பது அல்ல. தைராக்சின் போதவில்லை என்றால் பிட்யூட்டரி போடும் சத்தம். தைராக்சின் குறைந்தால் இது ஏறும், கூடினால் இறங்கும். இந்தத் தலைகீழ்க் கணக்கைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? 9 என்று பார்த்தவர், தைராய்டு கூடிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவார். 2 என்று பார்த்தவர், குணமாகிவிட்டது என்று நிறுத்துவார். மாத்திரை வேலை செய்வதால்தான் அந்த 2 வந்தது என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் போதுமே!

மாத்திரை தரும் தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகிறது. அதனால் டோஸ் மாற்றிய பின் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்த்தால்தான் டி.எஸ்.எச். உண்மை பேசும். மாதக்கணக்கில் மாத்திரையை விட்டுவிட்டு, டெஸ்டுக்கு முந்தின வாரம் மட்டும் ஒழுங்காக விழுங்கியவரை ரிப்போர்ட்டே காட்டிக்கொடுக்கும்: ரத்தத்தில் தனித்துத் திரியும் தைராக்சினான ஃப்ரீ டி4 ஒழுங்காக இருக்கும், டி.எஸ்.எச். மட்டும் உயரத்திலேயே நிற்கும். அப்படி வந்தால் திட்டாமல் கேள், சொல்லிவிடுவார்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் எடுக்கிறார்களா என்றும் கேள். சில பரிசோதனை முறைகளில் அது எண்களையே புரட்டிவிடும். ரத்தம் கொடுக்கிற காலையில் மாத்திரையை அதற்குப் பிறகு போடச் சொல். முதலில் போட்டால் சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 கூடுதலாகக் காட்டும்.

நாங்கள் படித்த காலத்தில் ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிவிட்டு நாள்கணக்கில் காத்திருப்போம். என் வாத்தியார் அதற்குள் குதிகால் தசைநாணில் சுத்தியலால் தட்டுவார். சடக்கென்று அசைந்த பாதம் சாவகாசமாகத் திரும்பினால், “ரிப்போர்ட் வந்தாச்சு” என்று சிரிப்பார். கையில் தாள் இல்லாததால் வாய்விட்டுக் கேட்டோம். இப்போது ரிப்போர்ட்டில் ‘அதிகம்’ என்று காட்டும் ‘எச்’ எழுத்து தடித்திருந்தால் போதும், யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

இன்னொரு குறை. 1891-இல் நியூகாசலில் டாக்டர் ஜார்ஜ் மரே தைராய்டு குறைந்த ஒரு பெண்மணிக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்ட கதைக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறாய். அதில் சாரமான பகுதியைக் காணோம். அந்தப் பெண்மணி பிறகு வாய்வழியாக அதே மருந்தை எடுத்துக்கொண்டு, 1919-இல் தன் 74-ஆம் வயதில்தான் இறந்தார். விடாமல் எடுப்பது என்றால் என்ன என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எதற்கு?

ஒன்றை மட்டும் மனதாரச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை ஷிப்டுக்கு ஓடும் மில் பெண்களுக்கு, இரவில் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது மாத்திரை போடலாம் என்று எழுதியிருக்கிறாயே, அது அபாரம்! எங்கள் தலைமுறையில் ஒருத்தருக்கும் அப்படி எழுதத் தோன்றவில்லை. கர்ப்பம் என்று தெரிந்தால் அடுத்த செக்கப் வரை காத்திராமல் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும், டோஸ் கூட்ட வேண்டியிருக்கும் என்ற உன் எச்சரிக்கையை அச்சடித்து என் கிளினிக் சுவரில் ஒட்டப்போகிறேன்.

இந்தக் கட்டுரை புத்தகமாக வரும்போது மரேயைப் பாதியாகக் குறை, பட்டியலுக்குக் கீழே விளக்கம் எழுது, காபிக்குத் தனிப் பத்தி கொடு. அச்சுக்குப் போகுமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.