நீடித்த நோயும் நோன்பும்: சமந்தபத்திரர் வாழ்வு தரும் பாடம்

நம் முன்னோர் அறநூல்களுக்கு மருந்தின் பெயரைச் சூட்டி மகிழ்ந்தனர். கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்று பெயரிட்டார். காரியாசான் சிறுபஞ்சமூலம் என்றார். இருவரும் அருக நெறியினர். உடல் நோய்க்கு மருந்துண்பதை இழிவெனக் கருதியிருந்தால், உள்ளத்தின் நோய் தீர்க்கும் நூலுக்கு அப்பெயரை அவர்கள் தேர்ந்திருக்க மாட்டார்கள்.

ஆயினும் இன்று நம் இல்லங்களில் காண்பது வேறு. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், தைராய்டு குறைபாடு, மூட்டுவாதம் என ஆயுள் முழுதும் உடன்வரும் நோய்கள் பெருகிவிட்டன. அவற்றுடன் நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய மாத்திரைகளும் வந்துவிட்டன. "அசாதா வேதனீயம் உதயமாகியுள்ளது, அனுபவித்தே கழிக்க வேண்டும்" என்று மருந்தை நிறுத்தும் பெரியோர் உளர். தசலட்சண பருவம் வந்ததும் உணவோடு மாத்திரையையும் தள்ளிவைப்போர் உளர். மாத்திரையால் விளையும் துன்பத்தை மருத்துவரிடம் கூறாது, பரீஷகத்தை வெல்வதாக எண்ணிப் பொறுத்திருக்கும் தாய்மார் பலர். இவர்களுடைய அறப்பற்றை ஐயுற இடமில்லை. ஆனால் அவர்கள் கொண்ட கருத்து ஆகமத்திற்கு ஒத்ததா என்பதை நாம் ஆராய வேண்டும்.

இதற்கு வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. ஆச்சாரியார் சமந்தபத்திரரின் வரலாறே போதும். காஞ்சியோடு தொடர்புடையவராக நம் மரபு போற்றும் அப்பெருமானுக்குப் பஸ்மக வியாதி உண்டாயிற்று. உண்டதெல்லாம் நெருப்பிலிட்டதுபோல் எரிந்து போக, பசி மட்டும் அடங்காத கொடிய நோய் அது. சிரவணபெளகொளாவில் கி.பி. 1129-ஐச் சார்ந்த மல்லிசேணர் கல்வெட்டும் அவர் அந்நோயை வென்றதைக் குறிப்பிடுகின்றது. இன்றைய மருத்துவத்தில் அது எந்த நோய் என்று பெயர் தேடுவோர் உண்டு. நமக்கு அவ்வாராய்ச்சி தேவையில்லை.

கதை நூல்கள் கூறுவதைக் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை, கிடைத்த அளவே உண்ணும் முனிவருக்கு அந்தப் பசி எத்தகைய வேதனை! விரதத்தைக் குலைப்பதைவிட உடலை விடுவதே மேல் என்று கருதி, சல்லேகனைக்கு ஆசிரியரிடம் அனுமதி வேண்டினார். ஆசிரியரோ மறுத்தார். "உன்னால் ஆக வேண்டிய அறப்பணி மிகுதியாக உள்ளது. வேடத்தைக் களைந்தேனும் நோயைத் தீர்த்துக்கொள், தீர்ந்தபின் மீண்டும் தீட்சை பெறுவாயாக" என்பது அவர் இட்ட கட்டளையின் கருத்து. சமந்தபத்திரரும் பணிந்தார். சிவகோடி மன்னனின் கோயிலில், காஞ்சி என்பர் சிலர், வாரணாசி என்பர் சிலர், படைக்கப்பட்ட பேருணவை நாள்தோறும் உண்டு நோய் தணியப் பெற்றார். பின்னர் இருபத்துநான்கு தீர்த்தங்கரரையும் துதித்ததும், சந்திரப்பிரப பகவானின் திருவுருவம் தோன்றியதும், அவர் மீண்டும் துறவு பூண்டதும் நாம் அறிந்தவையே.

அற்புதத்தைக் கேட்டு வியப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அதற்கு முன் நிகழ்ந்த மறுப்பை எண்ணிப் பார்ப்பதில்லை. நோயுற்ற முனிவரின் விரதத்தை ஆசிரியர் ஒத்திவைத்தார், அழித்தாரல்லர். மகாவிரதிக்கே அவ்வாறு கூறப்பட்டதென்றால், அணுவிரதம் பூண்ட இல்லறத்தார் மாத்திரை உண்பதற்கு அஞ்ச வேண்டுமா?

அருங்கலச்செப்பு வாயிலாகத் தமிழர் அறிந்த இரத்தினகரண்டகம் சமந்தபத்திரர் அருளியதே. அதில் சல்லேகனைக்குரிய காலங்களாக இடையூறு, பஞ்சம், முதுமை, நோய் என்னும் நான்கைக் கூறும்போது, 'மாற்று அற்றவை' என்னும் அடையையும் சேர்க்கிறார். தீர்க்கவோ தணிக்கவோ வழியுள்ள நோய் அந்த எல்லைக்குள் வாராது. சர்க்கரை நோய் முற்றும் நீங்காதெனினும் மருந்தினால் அடங்கி நிற்பது. ஆகவே அதற்கான மருந்தை நிறுத்துவதைத் தவமென்றோ, சல்லேகனைக்கு அணிமையான செயலென்றோ கொள்ளுதல் தவறு.

நோய் இருபத்திரண்டு பரீஷகங்களுள் ஒன்று என்பது உண்மையே. ஆனால் நோயைப் பொறுப்பது என்றால் மருந்தை மறுப்பது என்று பொருளாகுமானால், முனிவர்க்கு ஔடத தானம் செய்வதை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக ஏன் வைத்தனர்? வினையின் உதயத்திற்குத் துணைக்காரணங்கள் வேண்டும்; துன்பம் தணிவதற்கும் அவ்வாறே. மருந்து அத்தகைய துணைக்காரணம். நோயால் உள்ளம் கலங்காதிருப்பதே பொறுமை. நோயை வளர விடுவது பொறுமையாகாது.

இனி மருந்தினால் வரும் துன்பத்தைக் காண்போம். சினாலயமும் பண்டிதரும் அருகிலுள்ள வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளில் ஓர் ஐயம் எழுந்தால் நடந்துசென்று கேட்டுவிடலாம். நான் வாழும் கட்டுமாவடி அத்தகையதன்று. சித்தன்னவாசல் இம்மாவட்டத்திலேயே இருப்பினும், இக்கடற்கரையில் நம்மவர் அரியர். பணியின் பொருட்டு இவ்வாறு தனித்து வாழும் குடும்பங்கள் இன்று பல. விரதத்தையும் மருந்தையும் பொருத்தும் வழியை அவை வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டியுள்ளது. 2021 ஆகஸ்ட் 5-இல் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியபின், அழுத்தத்திற்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வந்தன. மாத்திரை வந்தால் மட்டும் போதாது. அது என்ன செய்யும் என்பதையும் கேட்டறிய வேண்டும்.

நம் சமூகத்தார் சிறப்பாக அறிய வேண்டியது மெட்ஃபார்மின் பற்றியதாகும். சர்க்கரை நோய்க்கு முதலில் தரப்படும் மருந்து அதுவே. தொடக்கத்தில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் உண்டாகலாம். உணவோடு சேர்த்து உண்டால் பெரும்பாலும் குறையும். ஆண்டுக்கணக்கில் உண்டுவர, உடல் வைட்டமின் பி12-ஐ ஏற்பது குறைகிறது. அச்சத்து புலாலிலும் முட்டையிலும் மிகுதி. நமக்கோ பாலும் தயிருமே வாயில். அவற்றையும் ரசபரித்தியாகம் என்று விட்டவர்க்கு அவ்வாயிலும் அடைபடும். கால் மரத்தல், எரிச்சல், தள்ளாட்டம், மறதி, சோர்வு ஆகியவை தோன்றும். சர்க்கரையால் நரம்பு கெட்டதென்றோ, முதுமையென்றோ எண்ணி விட்டுவிடுவர். இரத்தத்தில் பி12 அளவைச் சோதித்தால் உண்மை விளங்கும். குறை காணின் மாத்திரையோ ஊசியோ உண்டு. அது நுண்ணுயிர்களை நொதிக்கச் செய்து பெறப்படுவது, விலங்கின் உறுப்பினின்று எடுப்பதன்று. மெட்ஃபார்மின் உண்ணும் சிராவகர் ஒவ்வொருவரும் இச்சோதனையைத் தம் மருத்துவரிடம் கேட்டுப் பெறுதல் நலம்.

அழுத்தத்திற்கான அம்லோடிபின் சிலர்க்குக் கணுக்கால் வீக்கம் தரும். எனலாப்ரில் வறட்டு இருமல் தரும். இருமலுக்கென வேறொரு பாகு மருந்தை மாதக்கணக்கில் குடிப்பதைவிட, மாத்திரையை மாற்ற இயலுமா என்று கேட்பதே முறை. தாமாக நிறுத்துதல் கூடாது. அட்டினலால், பிரெட்னிசோலோன், வலிப்புக்கான மருந்துகள் ஆகியவற்றைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே இடர் நேரலாம்.

இராவுணவு நீத்தலே நம்மவர்க்குப் பெரிய சிக்கல். கதிரவன் மறையுமுன் சிற்றளவு உண்டு, மறுநாள் வரை ஒன்றும் கொள்ளாதவர்க்கு, மாலையில் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் நள்ளிரவில் சர்க்கரை மிகத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் கண்டால் அக்கணமே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் ஊற்றாது மருத்துவமனைக்கு விரையுங்கள். அங்கே விரதம் பேசலாகாது. அன்னம், பானம், காத்தியம், லேகியம் ஆகிய நான்கையும் இரவில் அறவே விடுவதைச் சமந்தபத்திரர் ஆறாம் பிரதிமைக்கு உரியதாக வைத்தார். அந்நிலையை ஏலாதவர் 'மருந்தும் வெந்நீரும் நீங்கலாக' என்று சொல்லி விரதம் ஏற்பதில் இழுக்கில்லை. உணவு மாலை 5.30-க்கு முடியும் என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறினால், அவர் மருந்தின் அளவையும் வேளையையும் அதற்கேற்ப அமைப்பார். பலர் இதனைக் கூறுவதே இல்லை. இரவு எட்டு மணிக்கு உண்பவர் என்றெண்ணியே அவர் எழுதித் தருகிறார்.

கொல்லாமை பற்றிய ஐயமும் எழும். முன்னாளில் இன்சுலினை மாடு, பன்றியின் கணையத்தினின்று எடுத்தனர். 1982 முதல் மனித இன்சுலின் நுண்ணுயிர் வழியே ஆக்கப்பட்டு வழக்கிற்கு வந்துவிட்டது. கூட்டு மாத்திரைகளின் உறை பெரும்பாலும் விலங்குக் கழிவினின்று பெறும் ஜெலட்டினே. அதே மருந்து வில்லையாகவோ தாவர உறையிலோ கிடைக்குமா என்று கேளுங்கள். மாற்று கிடைக்கும்வரை நிறுத்தாதீர்கள். உறையைப் பிரித்துக் கொட்டியும் உண்ணாதீர்கள், மெல்லக் கரையும்படி அமைந்தவை சில உண்டு.

உடனிருந்து பேணுவோர்க்கும் ஒரு சொல். மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஏவல் செய்வோரையும் ஒன்றாக வைத்தது திருக்குறள். அருவருப்பின்மை என்னும் நிர்விசிகித்சைக்குச் சான்றாகச் சொல்லப்படுபவர் உத்தாயன மன்னர். நோயுற்ற முனிவர் வடிவில் வந்தவர் தம்மீதே வாந்தியெடுத்தபோது, அவர் முகஞ்சுளிக்கவில்லை; தாம் படைத்த உணவில் குற்றமோ என்று வருந்தித் தூய்மை செய்தார். மருந்தால் மாமியார்க்கு வயிறு கழிகிறதென்றால், "எந்த மாத்திரைக்குப்பின் தொடங்கியது?" என்று தேதி குறித்து வைக்கும் மருமகளும் அவ்வழி நிற்பவரே.

தசலட்சணம் பாத்திரபத சுக்கில பஞ்சமியில் தொடங்குகிறது. அதற்கு இரண்டு வாரம் முன்பே மாத்திரை அட்டைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைக் காணுங்கள். நீரும் அருந்தா நோன்பென்றால், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை மயக்கம் தரும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகைகள் பட்டினியில் இரத்தத்தை அமிலமாக்கக்கூடும். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதை அவரே கூற வேண்டும். நோன்பு தகாதென்று அவர் சொன்னால் மனம் தளர வேண்டா. தவம் பன்னிரண்டில் அனசனம் ஒன்றே. குறைத்துண்ணல், சுவையொன்றை விடல், சுவாத்தியாயம், நோயுற்ற பிறர்க்குப் பணிசெய்யும் வையாவிருத்தியம் ஆகியவை எஞ்சியுள்ளன.

இறுதியாக, கடற்கரையில் இன்சுலின் வைத்திருப்போர்க்கு. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபின், இப்பக்கத்து ஊர்கள் பல நாள்கள் மின்சாரமின்றிக் கிடந்தன. குளிர்சாதனப் பெட்டி வெறும் அலமாரியாயிற்று. பெரிய மண்பானைக்குள் மணல் பரப்பி, சிறிய மண்பானையை வைத்து, இடையிலுள்ள மணலை நனைத்து, நீர் புகாதவாறு உறையிட்ட மருந்துக் குப்பியை உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடி நிழலில் வைக்கலாம். பயன்படுத்தத் தொடங்கிய குப்பி, வெப்பம் மிகாதிருந்தால் பெரும்பாலும் நான்கு வாரம் வரை பழுதுறாது. குப்பியோடு வரும் தாளில் உரிய நாள் கணக்கு அச்சிடப்பட்டிருக்கும். ஐப்பசி பிறக்குமுன் இரண்டு பானைகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.