இளைத்தவர்க்கு மட்டுமா இளைப்பு?

‘இளைத்துவிட்டார்’ என்றால் உடம்பு மெலிந்துவிட்டது என்று பொருள். ‘இளைக்கிறது’ என்றால் மூச்சு வாங்குகிறது என்றும் பொருள். ஒரே சொல் இரண்டையும் சுமப்பதாலோ என்னவோ, ஆஸ்துமா என்றதும் விலா எலும்பு தெரியும் உடம்புதான் பலருக்கு நினைவில் வருகிறது.

வாளையார், கொழிஞ்சாம்பாறை முதல் குமுளி, பூப்பாறை வரை, தமிழ் ‘இழுப்பு’ம் மலையாள ‘வலிவு’ம் ஒரே திண்ணையில் கேட்கும் எல்லை ஊர்களில் உடம்புகள் மாறிவிட்டன. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 100 பெண்களில் 38 பேரும், 100 ஆண்களில் 36 பேரும் கூடுதல் எடை உள்ளவர்கள். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் அது 40, 37.

நம்பிக்கை: ஆஸ்துமா மெலிந்தவர்களின் நோய்.

உண்மை: 3 லட்சத்துக்கும் அதிகமான பெரியவர்களைத் தொடர்ந்து கவனித்த 7 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2007இல் ஒரு கணக்கு வெளிவந்தது. கூடுதல் எடை உள்ளவர்களுக்குப் புதிதாக ஆஸ்துமா வரும் வாய்ப்பு சுமார் 50 சதவீதம் அதிகம். எடை ஏற ஏற அதுவும் ஏறியது. வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரல் முழுதாக விரிவதில்லை, சிறு மூச்சுக்குழாய்கள் குறுகுகின்றன. கொழுப்புத் திசு சுரக்கும் வேதிப்பொருள்கள் உடலெங்கும் அழற்சியையும் தூண்டுகின்றன. சிறுவயதில் இழுப்பே அறியாத பெண்ணுக்கு நாற்பது வயதில் அது தொடங்குவதற்கு எடையும் ஒரு காரணமாகலாம்.

நம்பிக்கை: குண்டு உடம்பு, மேடு ஏறினால் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

உண்மை: இடுக்கியில் கடைக்குப் போவதே மேடு ஏறுவதுதான், அதனால் இந்தப் பேச்சு எளிதில் நம்பப்படுகிறது. விடியற்காலை இருமலும் நெஞ்சில் விசிலும் இருந்தால் எடையைச் சொல்லி ஒதுக்கக் கூடாது. தோட்டத் தொழிலாளர் லயத்தின் விறகடுப்புப் புகை, இதய நோய், ரத்தசோகை ஆகியவையும் மூச்சை வாங்க வைக்கும். பார்த்ததும் ஆஸ்துமா என்று முடிவுகட்டுவதும் தவறே. டாக்டர் ஆஸ்துமா என்று சொல்லியிருந்தவர்களைக் கனடாவில் மறுபடி சோதித்தார்கள் (2008). பருமனானவர், அல்லாதவர் இரு பிரிவிலும் ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்கு அந்த நோயே இல்லை. குழாயில் மூச்சை முழு வேகத்தோடு ஊதிக் காட்டும் ஸ்பைரோமெட்ரி சோதனை இதைத் தெளிவாக்க உதவும். கேரளக் குடும்பாரோக்கிய மையங்களின் ‘ஸ்வாஸ்’ கிளினிக்குகள் மூச்சுக்குழாய் நோய்களுக்கென்றே தொடங்கப்பட்டவை.

நம்பிக்கை: பம்ப் (இன்ஹேலர்) அடித்தால் உடம்பு ஊதிவிடும்.

உண்மை: இன்ஹேலரில் ஒரு முறை இழுக்கும் ஸ்டீராய்டு மருந்து பெரும்பாலும் 100, 200 மைக்ரோகிராம்தான். 10 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்று 10,000 மைக்ரோகிராம். பசியைக் கூட்டி முகத்தை வீங்கவைப்பது அடிக்கடி விழுங்கும் மாத்திரை. பம்புக்குப் பயந்து அதை விட்டவர்தான் இழுப்பு முற்றி அந்த மாத்திரைக்குப் போகிறார்.

நம்பிக்கை: இழுப்புக்காரர் நடக்கக் கூடாது.

உண்மை: நோய் கட்டுக்குள் இருந்தால் நடக்கலாம், நடக்கவும் வேண்டும். முதல் பத்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்க வேண்டும். மூணாறுப் பனியில் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: எடை குறைந்தால் பம்பைத் தூக்கி எறிந்துவிடலாம்.

உண்மை: பின்லாந்தில் 38 பேரிடம் நடந்த ஆய்வில் (2000) பாதிப்பேர் உணவுமுறையால் எடையில் சராசரி 14.5 சதவீதம் குறைத்தனர். அவர்களுடைய நுரையீரல் திறன் கூடியது. அவ்வளவு குறையாவிட்டாலும் பயன் உண்டு. 80 கிலோ உள்ளவர்கள் 4 முதல் 8 கிலோ குறைத்தாலே அவர்களில் பலருக்கு இழுப்பு தணிகிறது. குறைப்பதைச் சாயாவிலிருந்தே தொடங்கலாம்: நாளுக்கு ஐந்து சாயா, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் அதிலேயே சுமார் 200 கலோரி. கூடவே வரும் பழம்பொரி தனிக்கணக்கு. எடை குறைந்தாலும் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. மூன்று மாதம் இழுப்பு கட்டுக்குள் இருந்தால் டாக்டரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அதுவரை, போடியிலிருந்து விடிகாலை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறும்போதும், தூக்குவாளியோடு பம்பும் பையில் இருக்கட்டும்.