வீடு விற்கும்போது சொல்ல வேண்டிய குறைகள்



மழையில் நனைந்த தானியம் அடியிலும் காய்ந்தது மேலுமாகக் குவித்து வைத்திருந்த வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் கண்டித்த சம்பவம் நம்மில் யாருக்குத் தெரியாது? மிளகாய் மூட்டைக்கும் அரிசி மூட்டைக்கும் அதைப் பொருத்திப் பார்க்கிறோம். வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்பதில்லை. அதிலும், பாதுகாப்புக்கென்று நாமே கைப்படச் செய்த வேலையை ஐபு என்று நினைப்பதே கிடையாது. "நல்லதுக்குத்தானே செய்தேன்" என்கிறோம்.

நம் ஊர் வீடுகளைப் பாருங்கள். திருடனுக்குப் பயந்து ஜன்னல்தோறும் இரும்புக் கம்பி. கம்பிக் கதவுக்கு இரண்டு பூட்டு. பழைய கடைவீடானால், வெளிச்சத்துக்கு விட்ட நடுமுற்றத்தின் மேல் ஒரு கம்பி வலை. குளியலறையில் சுடுநீர்ப் பெட்டிக்குத் தானே இழுத்த ஒயர். ஆளுக்கொரு வேலை செய்திருப்போம்.

இவை எல்லாம் பாதுகாப்புத்தானா? 2017 செப்டம்பர் 14 அதிகாலையில் கோலாலம்பூர் டத்தோ கிராமட்டில் தாருல் குர்ஆன் இத்திஃபாகியா மதரஸாவில் தீப்பிடித்து, ஓதும் பிள்ளைகளும் உஸ்தாதுகளுமாக 23 பேர் வஃபாத்தானார்கள். தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ஆனால் பிள்ளைகளை வெளியே விடாமல் தடுத்தவை ஜன்னல் கம்பிகள். திருடனுக்குப் போட்ட கம்பிக்குத் தீ நேரத்தில் உள்ளே இருப்பவன் யார், வெளியே இருப்பவன் யார் என்று தெரியாது.

என் விஷயத்தையே சொல்லுகிறேன். வாப்பா விட்டுப்போன வீட்டை விற்க ஏற்பாடு செய்தேன். பிள்ளைகள் சிறியவர்களாயிருந்தபோது மாடியில், முற்றத்தைச் சுற்றி, நானே இரும்புக் கைப்பிடி அடித்திருந்தேன். வாங்க வந்தவர் இளவயதுக்காரர். கூடவே இரண்டு சிறு பிள்ளைகள். "நானா, இது உறுதியா இருக்குமா?" என்று கேட்டார். "பத்து வருஷமா நிற்குது தம்பி" என்றேன். அது பொய்யல்ல. ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரில், கடையில் மீந்த திருகாணிகளைப் போட்டுச் செய்த வேலை அது. யாரும் அதில் பலமாகச் சாய்ந்ததும் இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் சுபுஹுக்குப் பின் எங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டேன். ஷாபிஈ மத்ஹபில், பொருளின் மதிப்பையோ நியாயமான பயனையோ குறைக்கும் எதுவும் ஐபுதான் என்றார். கைக்கு வருமுன்பே இருந்த குறையைப் பின்னர் கண்டால், வாங்கியவருக்குத் திருப்பித் தரும் கியார் உண்டு. கண்டதும் தாமதியாமல் கேட்க வேண்டும். அறிந்த குறையைச் சொல்வது விற்பவன் மீது கடமை. அறிந்த மூன்றாம் மனிதன் மீதும் கடமை. புரோக்கர்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

"எல்லாக் குறைகளுக்கும் நான் பொறுப்பல்ல என்று எழுதிக்கொண்டால்?" என்று கேட்டேன். அந்த நிபந்தனை நம் மத்ஹபில் உயிர்ப்பிராணியின் உள்ளே மறைந்த, விற்பவனும் அறியாத குறைக்கு மட்டுமே பயன்படும் என்றார். வீடு ஆடல்லவே!

நாட்டுச் சட்டமும் வெகுதூரம் இல்லை. நிலம், வீடு விற்பனையில் பார்த்து வாங்கும் பொறுப்பு பெரும்பாலும் வாங்குபவருடையது. வெறுமனே மௌனமாயிருப்பது மோசடியாகாது என்பதும் பொதுவிதிதான். ஆனால் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, அறிந்த ஒன்றை ஏமாற்றும் எண்ணத்தோடு முனைந்து மறைத்தால் மோசடி. ஓயரைப் பலகையடித்து மூடிச் சாயம் பூசுவது மௌனமல்ல. 18-ஆம் பிரிவு இன்னும் நுணுக்கமானது: உண்மையென்று நாமே நம்பியிருந்தாலும், தக்க ஆதாரமில்லாமல் உறுதியாகச் சொன்னது தவறாயிருந்தால் அது தவறான கூற்று. ஒப்பந்தம் ரத்தாக அது இடம் கொடுக்கும். "உறுதிதான்" என்று நான் சொல்லாமல், பத்து வருஷக் கணக்கைச் சொல்லித் தப்பித்தேனே, அந்தச் சாமர்த்தியம் ஆலிமிடமும் செல்லவில்லை, லாயரிடமும் செல்லவில்லை.

இன்னொன்று. நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடினால் உரிமையும் அடமானமும் தெரியும். படிக்கட்டின் நிலைமை தெரியாது. சுவரை இடித்தல், மாடி கூட்டுதல் போன்றவற்றுக்கு 1974-ஆம் ஆண்டு தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-ஆம் பிரிவுப்படி மாநகர் மன்றத்தின் எழுத்து அனுமதி வேண்டும். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுன் பகுதியானால் இன்னும் கவனம் தேவை. ஒயர் வேலை பதிவுபெற்ற ஒயர்மேனுடையது. குளியலறை போன்ற ஈரமான இடத்துக்கு, 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டுமென்பது 1994-ஆம் ஆண்டு மின்சார விதி. வாட்டர் ஹீட்டரைத் தானே மாட்டியவர்கள் விற்குமுன் ஒயர்மேனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்தக் கூலி அதிகமில்லை.

முன்பணம் கைமாறுமுன் சொல்லிவிட வேண்டும். எது நாமே செய்தது, எது கூலிக்காரர் செய்தது, எதற்கு அனுமதி இருக்கிறது, எந்தப் பூட்டின் சாவி எங்கே என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, லாயரிடம் கொடுத்து ஒப்பந்தத்தோடு சேர்க்கச் சொல்ல வேண்டும். சொன்ன குறைக்குப் பிறகு தகராறு எழ வழி குறைவு.

நானும் அந்தத் தம்பியை மறுபடி அழைத்துச் சொன்னேன். அவர் தம்முடன் ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தார். கொத்தனார் கைப்பிடியை ஒரு தடவை வெளிப்பக்கமாக இழுத்தார். மூன்று திருகாணிகள் சுண்ணாம்போடு அவர் கையில் வந்துவிட்டன. புதுக் கைப்பிடியின் செலவை விலையில் கழித்துக்கொண்டு, அந்த மாதமே கிரையம் முடித்தோம்.